இரண்டு விரல் வித்தியாசம்

"ரெண்டு விரல் வித்தியாசம் வருது, மாப்ளே. உன் பக்கம் தாழ்ந்திருக்கு."

கொத்தனார் போட்ட சத்தத்தில் எதிர்க்கட்டடத்து ஆட்களும் வேலையை விட்டுத் திரும்பினார்கள். சுவரின் அந்த முனையில் மச்சினன். இந்த முனையில் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு இவர். நடுவே தரையில், தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப். ஒரு முனையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதே மட்டத்தில்தான் மறுமுனையிலும் நிற்கும். தண்ணீருக்கு மாமன் மச்சான் தெரியாது.

"நூல் பிடிச்சுத்தானே மாமா கட்டினேன்?"

"அப்ப தண்ணி பொய் சொல்லுதா?"

கலவைச் சட்டியோடு வந்த கொத்தனார் மனைவி நின்றாள். "இந்தாங்க, கொஞ்சம் கீழே..."

"தம்பிக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதே. கொட்டிட்டுப் போ."

கொட்டிவிட்டுப் போனாள்.

மச்சினன் தன் பக்கம் ஒரு வரிசை ஏற்றினான். மறுபடி பார்த்தார்கள். நாலு விரல் தாழ்வு. ஏற்ற ஏற்ற இறங்குகிற சுவரைக் கொத்தனார் அன்றுதான் பார்த்தார்.

எதிரே யாரோ சிரித்தார்கள். காது மடல் சுட, கொத்தனார் தன் பக்கத்தில் ஒரு வரிசையைப் பெயர்த்தார். இப்போது ஒரு சாண்.

வீட்டைக் கட்டச் சொன்ன அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன, உங்களுக்குள்ள ஏதும் கருத்து வேறுபாடா?"

"கருத்தெல்லாம் ஒண்ணுதாம்மா. செங்கல்தான் வேறுபடுது" என்றார் கொத்தனார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை.

"உங்க..." என்று மனைவி மறுபடி வாயெடுத்தாள்.

"என்ன உங்க? எனக்கொரு நியாயம், உன் தம்பிக்கொரு நியாயமா? வீட்டுல வச்சு சோறு போட்டு, தொழிலும் கத்துக்கொடுத்தேன் பாரு, எனக்கு வேணும்!"

எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மச்சினன் கையிலிருந்த டியூபை ஆணியில் மாட்டினான். கரண்டியைக் கழுவினான்.

"வரேன்க்கா. இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் வாசலில் நின்ற சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டப் போனான்.

"தப்பை நானே காட்டுறேன், வந்து பாரு!" கொத்தனார் தன் முனையையும் ஆணியில் மாட்டிவிட்டு விறுவிறுவென்று அந்தப் பக்கம் போனார். டியூபில் தண்ணீர் சரசரவென்று ஓடி நின்றது. குனிந்து பார்த்தார். திரும்பி வந்து பார்த்தார். மறுபடியும் போய்ப் பார்த்தார்.

மச்சினன் ஏற்றிய ஒரு வரிசை, இவர் பெயர்த்த ஒரு வரிசை. வித்தியாசம் அவ்வளவுதான். காலையில் கட்டியது மிகச் சரியான மட்டம்.

எதிர்க்கட்டடம் முழுக்க இவரையே பார்த்தது. சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

"இவ்வளவு நேரம் இந்தத் தண்ணிக்கு என்ன வந்துச்சு?" என்று தரையைப் பார்த்து முனகினார்.

மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்:

"இப்பத்தானே அது மேலேருந்து காலை எடுத்தீங்க."