எட்டாவது மாடி அணியிலிருந்து கிழவர் போன விதம்

குப்புறப் படுத்திருக்கும் சித்தப்பாவுக்கும், பக்கத்தில் நாற்காலி போட்டு இதை வாய்விட்டு வாசிக்கும் சித்திக்கும் வணக்கம்.

இங்கே அம்மா நலம். நான் நலமா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது. விழித்திரை ஒட்டும்வரை இரண்டு வாரம் நிமிரக்கூடாது, திரையைப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவில் வைத்து, நெற்றியைத் தலையணையில் பதித்தபடியே கேளுங்கள். போனில் சொன்னால் பாதியில் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். தவிரவும், கடிதத்தை யாரும் குறுக்கே பேசித் திட்ட முடியாது.

ஆபரேஷன் அன்று காலை, ஆஸ்பத்திரி வராந்தா. நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கும் நீங்கள், மாலைகளில் ஓர் இணைய விளையாட்டில் ஐந்து வருடமாக நடத்திவரும் 'எட்டாவது மாடி' கூடைப்பந்து அணியை என் கையில் ஒப்படைத்தீர்கள்.

"தினமும் பாரு. எதையும் தொடாத."

"தொடாம எப்படி சித்தப்பா பாத்துக்கறது?"

"கொழந்தைய பாத்துக்கற மாதிரி."

"தூக்காம கொழந்தைய பாத்துக்க முடியுமா?"

"இவளைத் தத்துவம் படிக்க வெச்சது தப்பு," என்று சித்தியிடம் சொன்னீர்கள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க, ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு," என்றார் சித்தி. போகிற போக்கில் என் கையில் ஒரு தாளைத் திணித்தீர்கள். அதில் எட்டுக் கட்டளைகள். எட்டையும் பிசகாமல் செய்தேன். இதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

முதல் மாலை. ஆறு மணி ஆட்டம். நாம் செய்வது ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பது, வேகமா நிதானமா என்று குறிப்பது. அவ்வளவுதான். பிறகு இயந்திரமே ஆடுகிறது. பந்து கண்ணில் படுவதில்லை. வெறும் வரிகள்.

'கிழவர் பந்தைப் பிடிக்கிறார்.'

'கிழவர் யோசிக்கிறார்.'

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. இல்லாத ஒருவர், இல்லாத பந்தை வைத்துக்கொண்டு, யோசிக்கிறார். என் பேராசிரியர்கள் யாரும் என் கண் முன்னால் அப்படி யோசித்ததில்லை.

அங்கே மூன்று மாதம் ஒரு பருவம். பருவத்துக்கு ஒரு வயது. நமக்கு ஒன்று கூடுவதற்குள் அவர்களுக்கு நான்கு. பதினெட்டு வயதில் உங்களிடம் வந்த கிழவருக்கு இப்போது முப்பத்தெட்டு. அதே ஐந்து வருடத்தில் நீங்கள் ஒரு மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறீர்கள். இதை நினைத்தபடி பல் தேய்த்தேன், பேருந்தில் நின்றேன், நூலகத்தில் யாரோ ஒருவரிடம் "முப்பத்தெட்டு" என்றேன். அவர் அலமாரி எண் என்று நினைத்து மூன்றாம் வரிசையைக் காட்டினார்.

இனிதான் விஷயம். சித்தி, இங்கே கொஞ்சம் மெதுவாக.

மறுநாள் வீரர்களின் பட்டியலை ஆராய்ந்தேன். திறமைகளை எண்ணில் சொல்லாமல் வார்த்தையில் சொல்கிறார்கள். கிழவரின் வேகம்: பரிதாபம். மூச்சு: கவலைக்கிடம். ஆனால் சம்பளம் மட்டும் அணியிலேயே அதிகம். ஏழடி உயரத்தில் ஒரு தர்க்கப்பிழை கூடைக்கு அடியில் நின்றுகொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. எட்டுக் கட்டளையையும் மறுபடி படித்தேன், ஒன்றும் தடுக்கவில்லை, உங்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு அவரை ஏலத்தில் போட்டேன், டீ கலந்துகொண்டு வந்தேன், டம்ளரை உங்கள் தாளின் மேல் வைத்தேன், ஓரத்தில் கொஞ்சம் சிந்தியது, துடைப்பதற்காகத் தாளைத் திருப்பினேன்.

பின்பக்கம் ஒரே வரி. 'ஒன்பது: என்ன ஆனாலும் கிழவர் மேல் கை வைக்காதே.'

ஏலத்தைத் திரும்பப் பெற வழியில்லை. மூன்று நாள் ஓடியே தீரும். கடைசி நிமிடத்தில் ஒரு கை வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. யார் கை? 'இரும்புத்திரை' அணியை நடத்துபவர். உங்கள் ஜென்ம விரோதி. ஓய்வுபெற்ற ஜெயிலராகத்தான் இருக்க வேண்டும் என்று ஐந்து வருடமாகச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் அடித்துச் சொல்லும் அதே ஆள். ஈவு இரக்கமற்ற ஜென்மம். பிறர் வீட்டு விளக்கை அணைத்துத் தன் வீட்டுக்கு வெளிச்சம் தேடும் கழுகு. (சித்தி, இந்த இடத்தில் குரலை உயர்த்தி வாசிக்கவும்.) அந்த ஆள் எனக்கு ஒரு செய்தியும் அனுப்பினார். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். எட்டாவது மாடிக்கும் இரும்புத்திரைக்கும். இந்தப் பருவம் இரண்டு அணிகளுமே சரிந்து கிடந்தன. தோற்பவர் கீழ்ப்பிரிவுக்கு. நம் பக்கம் கூடைக்கு அடியில் ஆள் இல்லை. கிழவரோ எதிர்ப்பக்கம்.

ஆறு மணி. அம்மாவும் வந்து நின்றாள். "பந்து எங்கடி?" என்றாள். "இல்லம்மா." "அப்புறம் எதுக்கு நகம் கடிக்கற?"

வரிகள் வந்தன. ஜெயிலர் ஒரு விசித்திரம் செய்திருந்தார். கூடைக்கு அடியில் நிற்க வேண்டிய ஏழடி ஆளை, பந்தைத் தட்டிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடும் வேலைக்குப் போட்டிருந்தார். முப்பத்தெட்டு வயதில். ஒரு நிமிடம்கூட உட்காரவிடாமல்.

'கிழவர் பந்தைத் தவறவிடுகிறார்.' 'கிழவர் மூச்சு வாங்குகிறார்.' கடைசி வரி: 'கிழவர் யோசிக்கிறார். நேரம் முடிந்தது.'

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். எட்டாவது மாடி அதே மாடியில் நிற்கிறது. அவ்வளவு கைதேர்ந்த விரோதி, ஐந்து வருடம் கட்டிய அணியை ஒரே மாலையில் இப்படிக் கவிழ்த்துக்கொள்வாரா? இயந்திரத்தின் பிசகா, என் அதிர்ஷ்டமா, தெரியவில்லை. வானத்தைப் பார்ப்பதுபோல அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிழவர் போனது போனதுதான். அதற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கண் நல்லபடியாக ஒட்ட வேண்டும். நிமிர்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

இப்படிக்கு,
எட்டைக் காப்பாற்றி ஒன்பதில் தவறிய
அண்ணன் மகள்

பி.கு. (சித்திக்கு மட்டும். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, இதை மனசுக்குள் வாசியுங்கள்.)

ஜெயிலர் அனுப்பிய செய்தி இது: 'கிழவரைப் பத்திக் கவலைப்படாத. என்கிட்ட பத்திரமா இருப்பார். அழாத. நேத்து மழையில நனைஞ்சியாமே, தலைய நல்லாத் துவட்டினியா?'

நான் நனைந்தது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா தினமும் போனில் பேசுவது உங்களிடம் மட்டும்தான்.

ஐந்து வருடம். ஒரே மேசை. அவர் ஜெயிலரைத் திட்டும்போதெல்லாம், "ஆமா, பாவி, வெளங்கவே மாட்டான்," என்று கூடச் சேர்ந்து திட்டியவர் நீங்கள். மேலே உள்ள வசவையெல்லாம் தெரிந்தேதான் எழுதினேன். உங்களை நீங்களே குரலை உயர்த்தித் திட்டுவதை ஒருமுறையாவது அவர் கேட்க வேண்டும் என்று ஆசை. மன்னியுங்கள். ஜெயித்தோம் என்று எழுதியதையும் அடித்துவிடுகிறேன். அது நீங்கள் தோற்றுக் கொடுத்தது. கீழ்ப்பிரிவுக்குப் போனது உங்கள் அணி.

சித்தி, இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இன்னும் நாலு நாள் அவர் குப்புறத்தான் கிடப்பார். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் பிடரியில் ஒரு கையை மட்டும் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.