நான் ஜெயித்த ஒரே கேஸ்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு கேஸில்தான் வாதாடியிருக்கிறேன். அதில் ஜெயித்தேன். ஒரு ஜட்ஜ் மேஜையைத் தட்டி என்னைப் பாராட்டினார். அன்றோடு என் வக்கீல் தொழில் முடிந்துபோனது. (சட்டக் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே ரிடையர் ஆன வக்கீல் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.)

அறுபதுகளின் கடைசி. திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். ஊர் என்று சொல்லக்கூடாது. ஊரைத் தாண்டி இருந்த சேரி. அங்கே பி.ஏ. முடித்தவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிரைப் பற்றி என்ன சொல்ல? தபால்காரர் கடுதாசி கொண்டுவந்தால் 'தேங்க் யூ' என்பேன். அவர் திருதிருவென்று முழிப்பார். அதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம்.

சட்டம் படிக்க வேண்டும் என்ற வெறி மட்டும் திமிரில் வந்தது இல்லை. எங்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஊர்க்காரர் ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். கேஸ் போட்டோம். எங்களுக்காக வந்த வக்கீல் எதிர்க்கட்சியோடு காபி குடித்துவிட்டு வந்து, "சமாதானமாப் போயிடுங்க" என்றார். கோர்ட்டில் என்ன படித்தார்கள், எதில் கைநாட்டு வைத்தோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கே முடிவு செய்தேன், எங்கள் ஜனத்துக்கு நானே பேசுவேன் என்று. சட்டக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் பட்டணத்தில் தங்கிப் படிக்க வழியில்லை. உபகாரச் சம்பளம், அதாவது ஸ்காலர்ஷிப், கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் மண்வெட்டி. இரண்டில் ஒன்று.

திருவள்ளூரில் அப்போது ஒரு தருமக் கமிட்டி இருந்தது. எங்களைப்போன்ற சாதிகளிலிருந்து சட்டம் படிக்கப் போகிற ஒரு பையனுக்கு வருஷா வருஷம் உபகாரச் சம்பளம் கொடுப்பார்கள். இந்தச் செய்தியைக் கேட்டு என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், வாயைப் பிளந்துவிட்டார்.

"படிக்கறதுக்கே சம்பளமா? அப்ப நீ வேலைக்கே போவ வேணாமேடா! படிச்சிக்கினே இருக்கலாமே!"

நைனாதான் எங்கள் ஊர் வெட்டியான். பிணம் புதைப்பது மட்டும் இல்லை. தமுக்கு அடித்து சர்க்கார் உத்தரவைச் சொல்வது, ஏரி மடை பார்ப்பது, தாலுகா ஆபீசுக்கு ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கணக்கு மூட்டையைத் தலையில் சுமந்து போவது, எல்லாம் அவர்தான். கர்ணம் வண்டியில் போவார், நைனா பின்னாலேயே ஓடுவார்.

விண்ணப்பம் இங்கிலீஷில் இருந்தது. 'தகப்பனார் தொழில்' என்று ஒரு கட்டம். எங்கள் சேரியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எல்லாரும் 'கூலி' என்று போடுவார்கள். அதுதான் வழக்கம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் நான் பி.ஏ. ஆச்சே! கூலி என்று எழுத மனசு வரவில்லை. வெட்டியான் என்று எழுதுவதா? காலேஜில் மூன்று வருஷம் கூடப் படித்த சிநேகிதர்களிடம்கூட நான் அந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது. (அப்பா என்ன பண்றார் என்று கேட்டால், "வில்லேஜ் சைடுல இருக்கார்" என்பேன். பெரிய மிராசுதார் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.) கடைசியில் நல்ல கையெழுத்தில், வளைத்து வளைத்து எழுதினேன்: கவர்ன்மெண்ட் சர்வெண்ட்.

கர்ணத்தின் கையெழுத்து வேண்டும். எங்களுக்கு ஒரு கையெழுத்துப் போடுவதற்கு ஆறு மாதம் நடக்கவிடுகிற மனுஷர் அவர். அன்றைக்கு விண்ணப்பத்தை வாசல்படியில் வைத்துவிட்டு எட்டி நின்றேன். எடுத்துப் படித்தார். பின்பக்கம் திருப்பியும் படித்தார். சிரித்தார்.

"பேஷ், பேஷ். நன்னா எழுதியிருக்கேடா" என்று அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

கர்ணம் எங்களுக்கு உடனே கையெழுத்துப் போடுகிறார் என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று எங்கள் சேரியில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பி.ஏ.வுக்குத் தெரியவில்லை. அவர் திருப்பிப் பார்த்த பின்பக்கத்தை நானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம். வக்கீலாகப் போகிறவன் பின்பக்கம் படிக்கவில்லை. மடையன்!

இண்டர்வியூவுக்குத் தகப்பனாரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். நைனா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். திருவள்ளூரில் நாஷ்டா சாப்பிடக்கூட ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல காரியம் முடியட்டும்டா" என்றார். கமிட்டி ஆபீஸ் வாசலில் பெஞ்சு இருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டார். நான் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டேன்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் ரிடையர்ட் ஜட்ஜ், கமிட்டித் தலைவர். இன்னொருவர் செகரெட்டரி; அவர்தான் கேட்டார்.

"ஃபாதர் கவர்ன்மெண்ட் சர்வெண்ட்னு போட்டிருக்கே. எந்த டிபார்ட்மெண்ட்?"

"ரெவின்யூ, சார்."

"என்ன போஸ்ட்?"

"வில்லேஜ் அட்மினிஸ்ட்ரேஷன், சார்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "வாசல்ல தரையில உக்காந்திருக்காரே, அவர்தானே உங்கப்பா? வெட்டியானாப்பா?"

எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. தலையை ஆட்டினேன்.

அந்த மனுஷர் நல்லவர். இன்றுவரைக்கும் அதைச் சொல்லுவேன். விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி, தன் பேனாவையே கழற்றி நீட்டினார். "இதுல ஒண்ணும் தப்பில்ல தம்பி. இதை அடிச்சிட்டுக் கூலின்னு போட்டுடு. நான் பக்கத்துல இனிஷியல் போட்டுடறேன்."

பேனாவை வாங்கியிருக்க வேண்டும். வாங்கி, அடித்து, கூலி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தீர்ந்தது. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்டியான் மகனுக்கு இங்கிலீஷில் சரியாக எழுதத் தெரியவில்லை என்று இவர்கள் நினைத்துவிட்டார்களே!

"நான் எழுதினது கரெக்ட்தான் சார். ப்ரூவ் பண்றேன்."

ஆரம்பித்தேன். நைனா பெயர் சர்க்கார் ரிஜிஸ்டரில் இருக்கிறது, ஒன்று. வேலைக்கு வராவிட்டால் தாசில்தார் விளக்கம் கேட்கலாம், இரண்டு. தமுக்கு சர்க்காருடையது, அடிக்கிற கை மட்டும் தனியாருடையதா என்று ஒரு கேள்வி போட்டேன். பழைய புத்தகக் கடையில் வாங்கி மனப்பாடம் செய்திருந்த பீனல் கோடிலிருந்து, பொது ஊழியரை வேலை நேரத்தில் அடித்தால் என்ன தண்டனை என்று செக்‌ஷனோடு ஒப்பித்தேன். (நைனாவை வேலை நேரத்தில் எத்தனையோ பேர் அடித்திருக்கிறார்கள். கர்ணம் செருப்பாலேயே அடித்திருக்கிறார். ஒருத்தர் மேலும் அந்த செக்‌ஷன் பாய்ந்தது கிடையாது. அது வேறு விஷயம்.)

ஜட்ஜ் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "சாட்சி இருக்கா?" என்று சிரித்தார்.

"இருக்கார் சார்" என்று நைனாவை உள்ளே கூப்பிட்டேன்.

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும் சாமி" என்றார். செகரெட்டரி அவரிடம் கேட்டார், "ஏம்பா, நீ கவர்ன்மெண்ட் சர்வெண்டா?"

நைனா என்னைப் பார்த்தார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவருக்குத் தெரியாது. நான் ஆமாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"ஆமாங்க சாமி" என்றார். "கலெக்டர் தொரை வந்தா மின்னால ஓடறது நாந்தாங்க. ஜமாபந்திக்கு மூட்ட தூக்கறது நாந்தாங்க. எங்க நைனாவும் கெவுர்மெண்டுதாங்க, அவுரு நைனாவும் கெவுர்மெண்டுதாங்க."

ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். "கேஸ் ப்ரூவ்டு! தம்பி, நீ பிறவி வக்கீல்டா!"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். செகரெட்டரி மெதுவாக விண்ணப்பத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ஜட்ஜிடம் காட்டினார். வாத சுவாரசியத்தில் அதை மறந்தே போயிருந்த ஜட்ஜ் படித்தார். அவர் சிரிப்பு போய்விட்டது. பிறகு எனக்கும் படித்துக் காட்டினார்கள்: அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இந்த உதவி கிடையாது.

"சார், சார், கூலின்னே போட்டுக்கறேன் சார்" என்றேன். பேனாவுக்குக் கையை நீட்டினேன்.

"இப்ப எப்படிப்பா?" என்றார் ஜட்ஜ். அவருக்கும் சங்கடம்தான். "நீயே ப்ரூவ் பண்ணிட்டே. உங்கப்பா வேற சாட்சி சொல்லிட்டாரு."

அந்த வருஷம் உபகாரச் சம்பளம் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பையனுக்குப் போனது. அவன் அப்பாவும் வெட்டியான்தான். அவன் கூலி என்று எழுதியிருந்தான். நன்றாக இருக்கட்டும்.

திரும்பி வரும்போது ரயிலில் நைனா கேட்டார், "இன்னாடா, மேசையெல்லாம் தட்னாரே அந்த பெரியவரு. கெலிச்சிட்டியா?"

"கெலிச்சிட்டேன் நைனா."

"அப்ப ஏன்டா அழுவுற?"

என்ன நடந்தது என்று அவருக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. கல்லூரியில் என் இடம் வேறு யாருக்கோ போனது. சுடுகாட்டுப் பாதை இன்றைக்கும் அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நான் சில வருஷம் கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்தபோது ஒரு கம்பெனி கேட்டில் டைம் கீப்பராகச் சேர்ந்தேன். யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதுகிற வேலை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் இது பெரிய ஜோக். மார்க்கெட்டில் தக்காளிக்காரியிடம் அரை மணி பேசி ஜெயித்துவிட்டு, தக்காளியை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வருவேன். என் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவாள்: "வாங்கடா, உங்கப்பா கேஸ் கெலிச்சிக்கினு வந்துட்டாரு!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேரன் பேத்திகள் வரைக்கும் வந்துவிட்டது. நானும் சிரிப்பேன். என்ன செய்ய?

நைனா மட்டும் இதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். ஒருநாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "அன்னிக்கு நான் இல்ல சாமின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் வக்கீலாயிருப்பாம்மா. என் வாய்தான் அவன் படிப்ப கெடுத்துச்சி."

அவர் வாய் கெடுக்கவில்லை. அவர் தொழிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் கெடுத்தது. இதை அவரிடம் சொல்ல எனக்குப் பத்து வருஷம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார். அவர் வேலைக்கு வெட்கப்பட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.