இன்கமிங் வேண்டாத வேதாந்தம்

வெளிநாடு போகிறவர்கள் எந்த பிளான் போட்டால் போன் நன்றாகக் கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். வேதாந்தம் எந்த பிளான் போட்டால் போன் கிடைக்கவே கிடைக்காது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மன்னார்புரம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதி வீட்டுக்கு வந்தால் ஹாலுக்கும் பால்கனிக்கும் ஓயாத நடை.

எல்லாம் சர்க்கரையால் வந்த வினை. டாக்டர் என்னவோ "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றுதான் சொன்னார். மீதியை மனைவி வத்ஸலா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். காலையில் ஆபீசுக்கு ஒரு போன்: "மோர் குடிச்சேளா?" மதியம் ஒரு போன்: "மாத்திரை போட்டுண்டேளா?" சாயங்காலம் ஒரு போன்: "காபில சர்க்கரை போடலையே?" ஆபீசில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கில் கத்தி இறங்கும், அதே நொடியில் வேதாந்தத்தின் சட்டைப்பை அலறும். எப்படித்தான் மோப்பம் பிடிப்பாளோ, அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்படி நொந்துபோயிருந்த மனிதரைத்தான், பாலிசி நிறையப் பிடித்ததற்காக கம்பெனி கோலாலம்பூருக்கு அனுப்ப முடிவு செய்தது. கூட வருவது ஆபீஸ் நண்பர் செபஸ்தியானும் இன்னும் சில ஆபீஸ்காரர்களும். குடும்பத்துக்கு டிக்கெட் கிடையாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அந்த ஒரு வரியை வேதாந்தம் திரும்பத் திரும்பப் படித்தார். கேட்க ஆளில்லாமல், நின்று நிதானமாக, நெய் சொட்டச் சொட்ட ஜிலேபி சாப்பிடலாம்! நினைத்தாலே கால் தரையில் நிற்கவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் கடையில் ரஞ்சனி என்ற பெண் பொறுமையாக விளக்கினாள்.

"சார், இந்த பேக் போடுங்க. இன்கமிங் எல்லாம் ஃப்ரீ."

"வேண்டாம்மா."

"சரி, இதுல இன்கமிங்குக்குக் காசு. ஆனா கம்மிதான்."

"கம்மியாவும் வேண்டாம்."

"இது கப்பல்ல போனாக்கூட எடுக்கும் சார்."

"ஐயையோ!"

ரஞ்சனி பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு யாரும் கூப்பிட முடியாத பிளான் வேணுமா சார்?"

வேதாந்தம் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அப்படி ஒண்ணு இருக்கா?"

"சிம்மைக் கழட்டி வீட்டுல வச்சிட்டுப் போங்க. அங்க போயி அந்த ஊரு சிம் ஒண்ணு வாங்கிக்குங்க. நம்பரை யாருகிட்டயும் சொல்லாதீங்க."

வேதாந்தத்துக்கு அவளைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

"ஏன்னா, எந்த பிளான் போட்டேள்?"

"அந்த ஊர் சிம்மே வாங்கிக்கலாம்னு பார்க்கறேன். உள்ளூர்ல பேசிக்க மட்டும்."

"நான் எப்படிக் கூப்பிடறது?"

"ராத்திரி ஹோட்டல் வைஃபைல நானே கூப்பிடறேனே."

"பகல்ல?"

"பகல்ல மீட்டிங், வத்ஸலா. மூச்சு விட நேரம் இருக்காது."

"வாய் அசைக்க நேரம் இருக்குமோல்லியோ? என்ன சாப்பிடுவேள்?"

"சப்பாத்தி. வெள்ளரிக்காய். வேற எதையும் கையால தொடமாட்டேன்."

"பெருமாள் மேல ஆணையா?"

"சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரை எதுக்கு இழுக்கறே?"

வத்ஸலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்றாள். பெரிய யுத்தத்துக்குத் தயாராக வந்தவருக்கு இது பகீரென்றது. வத்ஸலா இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

"ஒண்ணே ஒண்ணு. கழட்டின சிம்மை என்கிட்ட குடுத்துட்டுப் போங்கோ. கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி உங்க நம்பருக்குத்தான் வர்றது. சொல்லலேன்னா சிலிண்டரைத் திருப்பித் தூக்கிண்டு போயிடறான்."

அவ்வளவுதானா! தன் கையாலேயே சிம்மைக் கழற்றி, வீட்டில் கிடந்த பழைய பட்டன் போனில் போட்டு, சார்ஜும் ஏற்றிக் கொடுத்தார். இதைவிட ஒத்தாசையான புருஷன் திருச்சி ஜில்லாவில் கிடைக்கமாட்டான்.

கோலாலம்பூரில் முதல் நாள் ஐஸ்கிரீம் கடை. பேங்க் கார்டை ஒரு தேய் தேய்த்தார். சட்டைப்பை அலறவில்லை. மறுநாள் கேக் கடை. அங்கேயும் ஒரு தேய். ராத்திரி ஹோட்டலிலிருந்து வத்ஸலாவைக் கூப்பிட்டு, "வெள்ளரிக்காய் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கே செத்துப்போச்சு" என்றார். "அப்படியா, பாவம்" என்றாள். ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. வேதாந்தத்துக்குத் தூக்கம் வரவில்லை. திட்டினால் புரண்டு படுத்துத் தூங்கலாம். பாவம் என்றால் என்ன செய்வது?

அடுத்த நாள் ஒரு மிட்டாய்க் கடை. கனவில் வந்த அதே ஜிலேபி. மாத்திரையை முன்ஜாக்கிரதையாக விழுங்கிவிட்டு, கார்டைத் தேய்த்து ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தது. சுதந்திரம் தலைக்கேறி, கூட வந்த ஆபீஸ் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் இன்னிக்கு என் செலவு!" என்று அறிவித்தார். ஆளுக்கொரு பெட்டி ஜிலேபி கட்டியாயிற்று. கார்டை நீட்டினார்.

மெஷின் கீச்சென்றது. கடைக்காரர் தலையை ஆட்டினார். துடைத்துத் தேய்த்தார், திருப்பித் தேய்த்தார். கார்டு செத்துக் கிடந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. வேதாந்தத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்போது செபஸ்தியானின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், பவ்யமாக நீட்டினார். "உங்களுக்குத்தான் சார். மேடம்."

"உங்க நம்பர் அவளுக்கு எப்படி…?"

"கிளம்பற அன்னிக்கே வாங்கிக்கிட்டாங்க சார். நான் இன்கமிங் ஃப்ரீ பேக்தான் போட்டிருக்கேன்."

போனில் வத்ஸலாவின் குரல் படபடத்தது. "ஏன்னா, உங்க கார்டை எவனோ திருடிண்டு போயிட்டான்! நீங்க குடுத்துட்டுப் போன சிம்முக்குத்தான் பேங்க் மெசேஜ் எல்லாம் வர்றது. முதல்ல ஐஸ்கிரீம் கடைன்னு வந்தது. தண்ணி பாட்டில் வாங்கியிருப்பேள்னு விட்டுட்டேன். அப்புறம் கேக் கடை. அங்கேயும் தண்ணி வித்திருப்பான்னு நினைச்சுண்டேன். இப்போ மிட்டாய்க் கடை! எத்தனை தண்ணிதான் குடிப்பேள்? இது நீங்க இல்லேன்னா பிளாக்னு அனுப்புங்கோன்னு பேங்க்காரனே போட்டிருந்தான். நீங்கதான் வெள்ளரிக்காயைத் தவிர எதையும் தொடமாட்டேளே! உடனே அனுப்பிட்டேன். சரிதானே?"

வேதாந்தம் ஜிலேபிப் பெட்டிகளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"ரொம்ப… நல்ல காரியம் பண்ணினே, வத்ஸலா."

"ஆனா அந்தத் திருடனை நினைச்சாத்தான் மனசு கேக்கலை. இத்தனை ஸ்வீட் தின்னிருக்கானே, மாத்திரை போட்டுண்டானோ என்னமோ?"

"போட்டுண்டுட்டான்" என்றார் வேதாந்தம்.