சிவப்புக் கோடு ஆறு நாளா நகரல

சேசு மரி சூசை துணை.

நிபோங் திபால் சம்பந்தியம்மா லெட்சுமி அவர்களுக்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து சவுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டியைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் உடனே கேட்டுவிட மாட்டேன்.

உங்களோட பேசமாட்டேன்னு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால மாதா மேல சத்தியம் பண்ணினேன். வாயால பேசமாட்டேன்னுதான், எழுதமாட்டேன்னு சொல்லல. 2003 ஜூன் பதினாலு, சனிக்கிழமை, என் மகன் ஹென்றிக்கும் உங்க மக லோகேஸ்வரிக்கும் கல்யாணம். நீங்க பச்சைப் பட்டு, தோள்ல குத்தின ஊக்கு வெளிய தெரிஞ்சுச்சு. நான் பருப்பு போட்டு ஆக்கின தால்ச்சாக் குழம்ப ஒரு கரண்டி வாயில வச்சுட்டு, "இது தால்ச்சாவா, சட்டி கழுவின தண்ணியா?"ன்னு நூறு பேர் முன்னால கேட்டீங்க.

அது கிடக்கட்டும். நம்ம பேத்தி கிறிஸ்டல் கோலாலம்பூருக்குப் படிக்கப் போறதுக்கு முன்னால, படம் பாக்க என் டிவில என்னமோ பண்ணி வச்சுட்டுப் போனா. அதுலதான் அந்த இந்திக் கதைங்க. ஒவ்வொரு கதைக்கும் வேற வேற ஆளுங்க, ஓரத்துல பதினெட்டுன்னு நம்பர். எனக்கு எழுபத்தாறு, நான் ஏன் பயப்படணும்? கீழ மலாய் எழுத்து ஓடும். மூணாங்கிளாஸ் படிச்சவ நான், ஒரு வரி எழுத்துக் கூட்டறதுக்குள்ள அவங்க சண்டை போட்டு, சமாதானமாகி, விளக்கையும் அணைச்சுடறாங்க. அந்த மாதிரி இடம் வந்தா ஜெபமாலைய எடுத்துக்கிட்டு நிப்பாட்டிடுவேன். படத்துக்குக் கீழ ஒரு சிவப்புக் கோடு அந்த இடத்துலயே நிக்கும். புது சீசன் வந்துச்சு, மறுநாள் பாத்தா கோடு நான் விட்ட இடத்தத் தாண்டி நிக்குது! பேய்தான்னு டிவி மேல தீர்த்தம் தெளிச்சேன். கிறிஸ்டலுக்குப் போன் போட்டா சிரிக்கறா.

"ஐயோ பாட்டி, அது நிபோங் திபால் பாட்டி பாத்ததுலா. ரெண்டு வீட்டு டிவிக்கும் 'பாட்டி'ன்னு ஒரே பேர்தான் போட்டேன், அங்க பாத்தா இங்கயும் கோடு நகரும்."

"ஏண்டி, என்னையும் அவங்களையும் ஒண்ணாக்கிட்டியா?"

"நானா ஆக்கினேன்? கல்யாணம் பண்ணி வச்சது நீங்கதானே!"

அன்னையிலேருந்து எந்திரிச்சதும் கோட்டைத்தான் பாப்பேன். காலையில நான் பாதி, சாயங்காலம் நீங்க மீதி. மூணாவது கதைல அந்த விதவைப் பொம்பள தையக்காரரோட மழைக்கு ஒதுங்கி நிப்பாளே, அந்த இடத்துக்குக் கோடு மூணு தடவ பின்னால போயிருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் போய் வர்ற ஆடிக்குப் பன்னெண்டு வருஷம். நான் யார்கிட்டயும் சொல்லல.

இப்ப விஷயம். ஆறு நாளா கோடு நகரல. நாலாவது கதை, பதினேழாவது நிமிஷம், நான் விட்ட இடத்துலயே நிக்குது. ஹென்றியக் கேட்டா "அத்தைக்கு என்னம்மா, நல்லாத்தான் இருப்பாங்க"ங்கறான். அவங்கப்பா நெஞ்சப் பிடிச்சப்பவும் "வாயுதான்"னு சொன்னவன் அவன். லோகேஸ்வரியக் கேக்கலாம், "என்ன அத்தை, திடீர்னு எங்கம்மா மேல அக்கறை?"ன்னா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது? நீங்க தனியா இருக்கீங்க. குளியலறைத் தரை வேற வழுக்குமாம். மீதிக் கதைய நான் பாக்கவும் கை வரல. நான் பாத்தா கோடு நகந்துடும், அப்புறம் நீங்க இருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?

உடம்பப் பாத்துக்கங்க. அந்த அசிங்கம் பிடிச்ச படத்த நான் இனிமே தொடப் போறதில்ல, முழுசும் நீங்களே பாத்துக்கங்க. பதில் மட்டும் போடுங்க. எங்க மாதாவும் உங்க மாரியம்மாவும் உங்களுக்குத் துணைக்கு நிக்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத,
சவுந்தரம்

பி.கு.: ஒட்டின கவரப் பிரிச்சு இத எழுதறேன். இப்பத்தான் டிவியப் போட்டேன், கோடு நகந்திருக்கு! நாலாவது கதைல இல்ல, மூணாவதுல, மறுபடியும் அந்த மழை. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. மேல எழுதினத எல்லாம் மறந்துடுங்க, தால்ச்சாவத் தவிர. அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஹென்றி காருல வர்றேன், ஒரு தூக்கு தால்ச்சாவோட. வாயத் திறக்க மாட்டேன், சத்தியம் சத்தியம்தான். பக்கத்துல உக்காந்து பாப்பேன். அதுவரைக்கும் நாலாவது கதையத் தொடாதீங்க.