ஐயா போகிறார், ஜெயிச்சிட்டோம்!

மேடையில் பேசுகிறவர்களுக்கு இரண்டே வேலைதான். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க வேண்டும். வாயில் என்ன வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒன்றில் கோட்டை விட்டால் சமாளித்துவிடலாம். இரண்டிலும் ஒரே நொடியில் கோட்டை விட்டவள் எனக்குத் தெரிந்து சேர்வராயன் மலையில் நான் ஒருத்திதான். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து என்னை வந்து பாருங்கள். சேர்ந்து அழலாம்.)

அப்போது நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் சின்ன ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை, கவிதை என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்டேட் ஆபீசில் ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுகிறவருக்கு அதுதான் பெயர். எனக்கு மேலே பெரிய ரைட்டர் ராஜமாணிக்கம் ஐயா. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருடைய மனைவி சாரதாம்மா பார்த்திருப்பதாக ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சாட்சி கிடையாது.

காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும்போது யார் கையிலாவது செல்போன் இருந்தால் வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். என் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், "ஏம் புள்ள, நீ எழுதுனியா, கோழி கிளறுச்சா?" என்பார். கிரிக்கெட் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "பதினொரு ஆளு வயல்ல நிக்கறான். பந்து வந்தா ஒருத்தன் ஓடறான். அங்க நான் ரைட்டரா இருந்தா மிச்சம் பத்துப் பேரையும் அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிச்சிருப்பேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நானோ எங்கள் டீம் தோற்றால் இரண்டு நாள் சாம்பாரில் உப்புப் போட மறக்கிற ஜாதி.

அப்படிப்பட்டவருக்குப் பணி ஓய்வு வந்தது. பெங்களூரில் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிடுவதாக ஏற்பாடு. பிரிவுபசார விழாவுக்கு மறுநாள் காலை சாமான் ஏற்ற லாரியும் சொல்லியாகிவிட்டது. எஸ்டேட் முழுக்க ஒரு கள்ளத்தனமான சந்தோஷம். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் விழாவுக்குக் கேசரி கிண்ட இத்தனை பேர் முன்வந்து நான் பார்த்ததில்லை.

பேசுவது யார் என்று கேட்டபோது நானே கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசாகச் சோப்பு டப்பா வாங்கியவள் நான். 'மலையினும் உயர்ந்த மாண்பாளரே' என்று தொடங்கி ஒரு பேச்சைக் குளிக்கும்போதுகூட விடாமல் மனப்பாடம் செய்தேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காப்பி காயப்போடுகிற களத்தில். நாள் குறித்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குத்தான் எங்கள் டீமின் இருபது ஓவர் மேட்ச். ஜெயித்தால் ஃபைனல். வெளிநாட்டில் நடப்பதால் நமக்குச் சரியாக அந்தச் சாயங்காலத்தில்தான் முடியும்.

விழாவைத் தள்ளி வைக்கலாமா என்று ஐயாவிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அப்போது டிராக்டர் ஓட்டுகிற செல்வராசு ஒரு யோசனை சொன்னான். எங்கள் எஸ்டேட்டில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: களத்துக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் மேல்தளம்.

"நான் மேல ஏறி நின்னுக்கறேனுங்க. சிக்ஸுன்னா ரெண்டு கையும் தூக்குவேன். ஃபோருன்னா ஒரு கையை ஆட்டுவேன். அவுட்டுன்னா ஒத்த விரலு. மேடையில நிக்கற உங்களுக்குத்தான் நான் நேரா தெரிவேன். மத்தவங்க அல்லாம் உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

இப்படியாக, மாண்பாளரை வாழ்த்த வேண்டிய என் முகம் ஸ்கோர் போர்டு ஆயிற்று. (நல்ல வேளை, ஐயா போட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். தொட்டிமேல் ஏதோ ஓர் உருவம் நிற்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.)

மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மைக் என் கைக்கு வந்தது. முன்வரிசையில் சாரதாம்மா. மூன்றாவது வரிசையில் மிக்சர் பொட்டலத்தோடு என் வீட்டுக்காரர். எல்லாருடைய கண்ணும் என் முகத்தில். இவ்வளவு கவனமாக ஒரு கூட்டம் என் பேச்சைக் கேட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"ஐயா அவர்களுக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்..." என்று உருக்கமாக நான் சொன்ன நேரம், செல்வராசு இரண்டு கையையும் தூக்கினான். என் முகம் தானாக மலர்ந்தது. கூட்டம் கைதட்டியது.

மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொட்டியின் மேல் யாரோ தன்னைப் பார்த்துத்தான் கையைத் தூக்குகிறார்கள் என்று எண்ணி, எழுந்து நின்று அந்தத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அடுத்த சிக்ஸருக்கும் எழுந்து கும்பிட்டார். மூன்றாவதற்கு உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொண்டார். முழங்கால் வலி.

"ஐயா அவர்கள் கடமையில் கண்ணாக இருந்து..." ஒத்த விரல். என் குரல் கம்மியது. கூட்டத்தில் 'ச்சு ச்சு' என்று சத்தம். ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி ஓவர் வந்தபோது என் மனப்பாடம் தீர்ந்துபோயிருந்தது. பேச்சை முடித்தால் மேடையை விட்டு இறங்க வேண்டும், இறங்கினால் செல்வராசு தெரியமாட்டான். எனவே ஐயாவின் குடை, செருப்பு, அவர் தும்மும் அழகு என்று தோன்றியதை எல்லாம் புகழ்ந்து ஓட்டினேன். செல்வராசு தொட்டியின் விளிம்புக்கு வந்து நின்றான். பந்து போடுவதுபோல் கையைச் சுற்றி ஒரு விரலைக் காட்டினான்: ஒரு பந்து. பிறகு இரண்டு விரல்: இரண்டு ரன். களத்தில் மிக்சர் கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு வேறு வார்த்தை கிடைக்காமல், கடைசிக்கென்று வைத்திருந்த வரியை எடுத்துவிட்டேன்.

"நாளை காலை ஐயா அவர்கள் நம்மையெல்லாம் விட்டு, இந்த மலையையும் விட்டு, நிரந்தரமாகப் போகிறார்..."

செல்வராசு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான்.

"ஜெயிச்சிட்டோம்!"

அதை நான்தான் கத்தினேன். மைக்கில் கத்தினேன். எதிர்மலையில் மோதி 'ட்டோம்... ட்டோம்...' என்று திரும்பி வந்தது. களம் அதிர்ந்தது. விசில் பறந்தது. காப்பி பறிக்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாருடையதோ துண்டு ஒன்று ஐயாவின் மாலைமேல் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? முப்பது வருடமாகத் தன்னைக் கண்டு பயந்த கூட்டம், தான் போவதைக் கொண்டாடுவதை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து பார்க்கிறவரின் முகம். இந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்க வேண்டும். காப்பிக் களத்துக்கு நல்ல சிமென்ட் போட்டிருந்ததால் பிளக்கவில்லை.

என்ன சொல்லிச் சமாளிப்பது என்று தெரியாமல் தொட்டியைப் பார்த்தேன். தூக்கிய செல்வராசுவின் கைகள் மெல்ல இறங்கித் தலைமேல் வந்து நின்றன. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். பந்து மேலே போனதும் சிக்ஸ் என்று கையைத் தூக்கிவிட்டிருக்கிறான். எல்லைக்கோட்டில் நின்ற ஒருவன் அதைப் பிடித்துவிட்டான். ஒரு ரன்னில் தோல்வி.

"அய்யோ, போச்சே!" என்றேன். மைக் இன்னும் வாய்க்கு நேராகத்தான் இருந்தது.

கூட்டம் கப்பென்று அடங்கியது. பிறகு களம் முழுக்க ஒரே 'அய்யோ'. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கவும் தெம்பில்லாமல் அதன்மேலேயே உட்கார்ந்தார். எனக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் டீமை நினைத்து விம்மி விம்மி மைக்கில் கேட்டேன்: "இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்து, கடைசியில இப்படிக் கைவிட்டுட்டீங்களே! இனி நாங்க யாரை நம்பி இருப்போம்?"

என் தோள்மேல் ஒரு கை விழுந்தது. ஐயா.

"அழுவாத கண்ணு" என்றார். அதுவரை என்னை அவர் 'ஏம் புள்ள' தவிர வேறொன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"சிரிச்சு மறைக்கலாம்னு பாத்தீங்க. ஒரு நிமிசம் நானும் நம்பிட்டேன். ஆனா உங்களால முடியல. பொங்கிட்டீங்க." பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் உங்களத் திட்டாத நாளே இல்ல. எனக்காவ நீங்க அழுவீங்கன்னு நான் கனாவுலயும் நெனைக்கலீங்க. இனி எங்க போவேன்? நான் போவலீங்க. லாரி வேண்டாம்னு சொல்லிடறேன். இந்த மலையிலயே ஒரு ஊடு பாத்துக்கிட்டு இருந்துக்கறேன்."

களத்தில் அடுத்த அதிர்ச்சி. ஒரே சாயங்காலத்தில் இரண்டு தோல்வியை எந்த ரசிகர் கூட்டமும் தாங்காது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒருவர் நிஜமாகவே தேம்பி அழுதார்.

இந்த நேரம் பார்த்துச் செல்வராசு தொட்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தான். போனிலேயே கண்ணும் காதுமாக இருந்ததால் நடந்தது எதுவும் தெரியாதவன். துக்கத்தில் முதலில் கண்ணில் பட்ட ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா... ஒண்ணே ஒண்ணு கெடச்சிருந்தாக்கூட டை ஆயிருக்குமுங்க!"

"டையெல்லாம் எனக்கு எதுக்கு சாமி?" என்று ஐயா அவனை அணைத்துக்கொண்டார். "நான் எந்தக் காலத்துல டை கட்டுனேன்? மாலையே போதும்."

அன்றைக்குக் கேசரி மிஞ்சிப்போனது.

விழா கலைந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "நீங்க அழுதுதானுங்க அவரு நின்னுட்டாரு. நெசத்த நீங்களே போய்ச் சொல்லிருங்க" என்றார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு கேட்சை நம்பி ஒரு மனிதர் மகனோடு இருக்கிற வாழ்க்கையை விட்டுவிடுவதா? மறுநாள் காலை, ஆபீசுக்குப் போகுமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து, எதுவும் தோன்றாமல், வாசலில் நின்றபடி மறுபடியும் அழத் தொடங்கியிருந்தேன். (அழுவதில் நான் ஃபார்மில் இருந்த காலம்.)

கதவைத் திறந்த சாரதாம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கும் மேட்சா அம்மிணி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எங்கக்கா மவன் சேலத்துலருந்து போன் பண்ணி மேட்சு போச்சுன்னு ஒப்பாரி வெச்சான். எத்தனை மணிக்குப் போச்சுன்னு கேட்டேன். நீங்க அழுத நேரமும் அதுவும் ஒண்ணா இருந்துச்சு."

"அப்ப... ஐயாவுக்கு?"

"அவருகிட்டயும் சொல்லிட்டனுங்களே."

உள்ளே கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் ஐயா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். ராத்திரி வேலை போய்விட்டதாகக் கனவு வேறு கண்டிருந்தேன்.

"மன்னிச்சிருங்கய்யா. நாங்க அழுதது..."

"எதுக்கு அழுதா என்ன? அழுதது நெசந்தானே?" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "பெங்களூருல ஏழாவது மாடி கண்ணு. எட்டிப் பாத்தா தலை சுத்துது. எனக்கும் இவளுக்கும் போவறதுக்கு மனசே இல்ல. பையன் ஆசையாக் கூப்புடறான், வேண்டாம்னு எப்படிச் சொல்றது? இங்கயும் ஒருத்தராச்சும் இருங்கன்னு சொல்வீங்கன்னு ஆறு மாசமாப் பாத்தேன். ஒருத்தரும் சொல்லல. எப்படிச் சொல்லுவீங்க, நான் நடந்துக்கிட்டது அப்படி. நேத்து நீங்க கிரிக்கெட்டுக்குத்தான் அழுதீங்க. ஆனா என் காதுல இருங்கன்னு உழுந்துச்சு. புடிச்சுக்கிட்டேன்."

"சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். சோப்பு டப்பா வாங்கிய வாய் அது.

"உக்காரு" என்றார். "அந்த ஒண்ணு எப்படித்தான் போச்சு? அதச் சொல்லு மொதல்ல."

டம்ளரை ஸ்டம்பாக வைத்து, பிஸ்கட்டுகளை ஆட்களாக நிறுத்தி, கடைசிப் பந்தை விளக்கினேன். ஓரத்தில், கேட்ச் பிடித்தவனாக நின்ற பிஸ்கட்டை அவர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இவன் நல்ல வேலைக்காரன்" என்றார். "கடைசி நிமிசம் வரைக்கும் வேலையில கண்ணா இருந்திருக்கான். நம்ம ஆளுங்களும் மோசமில்ல. ஒண்ணுதானே போச்சு? அடுத்ததுல புடிச்சிரலாம். அடுத்தது எப்போ?"

அவர் நாகலூரிலேயே ஒரு வீடு பிடித்தார். டிவியும் டிஷ்ஷும் வைத்தார். இப்போது மேட்ச் என்றால் எஸ்டேட் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான். கேட்ச் விடுகிறவனை, ஆள் எடுக்கும்போது தாமதமாக வந்தவனைத் திட்டுவதுபோல் திட்டுவார். சாரதாம்மா போண்டா சுடுவார். எங்கள் டீம் அதன் பிறகு எத்தனையோ முறை தோற்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐயா சொல்வது ஒன்றுதான்: "அடுத்ததுல புடிச்சிரலாம்."

ஆனால் என் மானம் மட்டும் திரும்பி வரவேயில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளிகள் கிளம்பி வாசல் தாண்டியதும், "ஜெயிச்சிட்டோம்" என்று என் வீட்டுக்காரர் காதோடு சொல்வார். அது அப்படியே ஊருக்குப் பரவி, நாகலூரில் யார் பஸ் ஏறினாலும் இப்போது அதுதான் வழியனுப்பும் வார்த்தை.

போன வருடம் பேத்தி பிறந்தாள் என்று ஐயாவும் சாரதாம்மாவும் இரண்டு மாதம் பெங்களூர் போனார்கள். நாங்கள் எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தோம். பஸ் நகர்ந்ததும் ஐயா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கலா கண்ணு, என்ன வாயில கொழுக்கட்டையா? சொல்றதச் சொல்லி அனுப்பு!"

"ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினேன். செல்வராசு கத்தினான். பஸ் ஸ்டாப்பே கத்தியது. புதிதாக வந்த கண்டக்டர் ஒன்றும் புரியாமல் எங்களையே பார்த்தார். கத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மேட்ச் எதுவும் கிடையாது.