ஜூலை மாதத்துப் பாம்பு

"இந்த ஜூலைக் குளிர்ல எந்தப் பாம்புய்யா வெளிய வரும்?" என்றான் நெவ், டீசல் குழாயைச் சுருட்டிக்கொண்டே.

அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலைக் க்ளைவ் அவனுக்குக் காட்டியிருந்தான். பெருமையாகக் காட்டப்போய் இப்படி ஆகிவிட்டது.

முல்கா பம்பு நிலையத்தில் அவனும் பிஸ்கட் என்ற நாயும்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நெவ்வின் லாரி வரும். மற்றபடி மனித வாடை என்றால், தினமும் காலையில் போர்ட் அகஸ்டா அலுவலகத்திலிருந்து, அவனுடைய தண்ணீர் அளவு அறிக்கைக்கு மொரீன் எழுதும் நாலு வரி மின்னஞ்சல்தான்.

"அறிக்கை கிடைத்தது, க்ளைவ். காலையில் ஏதாவது சாப்பிடு. தொப்பி போட்டுக்கொள். பாம்பு இருக்கும், பார்த்து நட."

"நேத்தும் இதேதானா?" என்றான் நெவ்.

"ம்."

"முந்தாநேத்து?"

"அதேதான்."

"ஜனவரில எழுதினத இன்னிக்கும் ஒட்டி அனுப்புறா. காப்பி பேஸ்ட்டுப்பா. இதப் படிக்கவா தலை சீவிட்டு உக்கார்ற?"

லாரி போனதும் க்ளைவ் பழைய மின்னஞ்சல்களைத் திறந்தான். ஆறு வருடம். ஒரு வார்த்தை மாறவில்லை. இத்தனை நாள் யாரோ தன்னை நினைக்கிறார்கள் என்று நம்பியிருந்தான். அழுகை வந்தது.

மறுநாள் வழக்கம்போல் நேற்றைய அறிக்கையை நகலெடுத்துப் புதுப் பக்கத்தில் ஒட்டி, தேதியையும் தண்ணீர் அளவையும் மட்டும் மாற்றினான். ஆறு வருடமாகத் தானும் அதையேதான் செய்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. மனசு ஆற, அடியில் நாலு வார்த்தை தட்டினான். "நீ ஒருமுறை எழுதியதையே தினமும் ஒட்டுகிறாய், மொரீன். நான் செத்தாலும் சாப்பிடச் சொல்வாய்."

அழித்துவிடத்தான் நினைத்தான். பழகிய கை கேட்கவில்லை. மொத்தத்தையும் நகலெடுத்து, மின்னஞ்சலில் ஒட்டி, அனுப்பியும் விட்டது.

"போச்சு பிஸ்கட்," என்றான். நாய் வாலாட்டியது.

அவசரமாக மன்னிப்பு எழுதி நகலெடுத்தான். கன்ட்ரோல் பொத்தானில் விரல் சரியாகப் படவில்லை. ஒட்டியபோது விழுந்தது பழைய வசவுதான். பார்க்காமல் அனுப்பினான்.

அனுப்பியதைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். இந்த முறை மன்னிப்பை வெட்டியே எடுத்தான். நடுவில் மொரீனின் முகவரியை நகலெடுத்து மேலே ஒட்டினான். கம்ப்யூட்டர் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். முகவரி உள்ளே வந்ததும் மன்னிப்பு வெளியே போய்விட்டது. மொரீனுக்கு மூன்றாவதாகப் போன கடிதத்தில் அவள் முகவரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒட்டினதாகவே இருந்தாலும் பரவாயில்லை, அந்த நாலு வரி வந்தால் போதும் என்று கிடந்தான். தலை சீவுவதை நிறுத்தினான். காலையில் சாப்பிடச் சொல்ல ஆளில்லாததால் சாப்பிடுவதையும் நிறுத்தினான்.

பதினைந்தாம் நாள் நெவ் வந்தான்.

"என்னய்யா இளைச்சுட்ட?"

"மொரீன் கோவமா இருக்காளா?"

"அவ ஊர்லயே இல்லப்பா. உன் லெட்டரப் பாத்துட்டு மேனேஜர் அவள அடிலெய்டுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பிட்டாரு. நேத்துதான் திரும்பினா."

"வகுப்பு எதுக்கு?"

"அவ ஒத்தை விரல்ல தட்டுற ஆளுய்யா. எனக்கே இப்பத்தான் தெரியும். காலைல ஏழு மணிக்கே வந்து, உன் நாலு வரிய ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தட்டி முடிச்சுட்டுத்தான் டீயே குடிப்பாளாம்."

"தினமுமா? அப்ப ஒட்டலையா?"

"நீ தினம் ஒரே அறிக்கையப் போட்டா அவ வேற என்னத்த எழுதுவா? ஒட்டலாம்னு ஒண்ணு இருக்கறதே உன் லெட்டரப் பாத்துத்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உனக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னா, நாளைலேருந்து ஒரே தட்டுல ஒட்டி அனுப்பிடுவாளாம்."