இல்லாத கட்டடம் காட்டும் நொயல்

அண்ணாந்து பார்ப்போர் என்றொரு இனம் இருக்கிறது, வாசகரே. நகரத்துக்குள் போனால் இவர்களுக்குக் காப்பிக் கடை தெரியாது, சிவப்பு விளக்கு தெரியாது, எதிரே வரும் ட்ராம் தெரியாது. தெரிவதெல்லாம் நூறு வருடத்துக்கு முந்திய உயரக் கட்டடங்களின் உச்சியும், எந்த வருடம், எத்தனை மாடி, கல்லா இரும்பா என்கிற விவரமும்தான். விருந்தாளி வந்தால் விடுவார்களா? கடற்கரை பார்க்க வந்தவரையும் கட்டடத்துக்கு அடியில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

மெல்பேர்னுக்குப் பக்கத்தில் வெரிபீயில் இருக்கும் நொயல் இவர்களிலும் ஒரு படி மேல். அவர் காட்டுவது இடித்துத் தள்ளிய கட்டடத்தை.

அன்று சனிக்கிழமை. அவருடைய மகள் டிலக்சியைப் பெண் பார்க்கச் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து மாப்பிள்ளை ஜனுஷன், தாய் மோனிகா, தகப்பன் பற்றிக் மூவரும் மெல்பேர்னுக்கு வந்திருந்தார்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் மேசை சொல்லியிருந்தது. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. போன தடவை வந்த சம்பந்தம் கட்டடப் பேச்சைக் கேட்டே ஓடிப்போனது என்பது மனைவி டொறத்தியின் உறுதியான நம்பிக்கை.

“இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கோ. பிள்ளையின்ர வாழ்க்கை.”

“ஓமப்பா. அவள் எனக்கும் பிள்ளைதானே.”

உண்மையாகவே அடக்கினார். நூறு மீற்றர் தூரம் அடக்கினார். எலிசபெத் வீதியில் அந்தக் கட்டடம் நின்ற மூலை வந்தபோது நிலத்தையே பார்த்து நடந்தார், கழுத்து வலித்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தகப்பன் பற்றிக் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். மழை வருமோ என்று பார்த்திருக்கலாம். நொயலுக்கு அது போதாதா?

“இதில நிண்டது பாருங்கோ, பன்னிரண்டு மாடி! ஆயிரத்து எண்ணூற்றி எண்பத்தொன்பதில கட்டினது. தண்ணியின்ர அமுக்கத்தில லிஃப்ற் ஓடினது!”

“எங்க நிக்குது?” என்றார் மோனிகா.

“தொள்ளாயிரத்து எண்பதில இடிச்சுப்போட்டாங்கள். வடிவா அண்ணாந்து பாருங்கோ, உச்சி அந்தா!”

ஐந்து பேரும் அவர் விரல் காட்டிய வெறும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். டிலக்சி, “அப்பா, வி ஆர் ஸ்டார்விங்” என்று முனகினாள்.

பற்றிக் மெல்லச் செருமினார். “அதை ஸ்கைஸ்கிரேப்பர் எண்டு சொல்லேலாது. பாரம் முழுக்கச் சுவரில. இரும்புச் சட்டம் இல்லாட்டி அது உயரமான வீடு.”

உயரமான வீடா? நொயல் அவருக்கு நேரே திரும்பி நின்றார். பற்றிக் விடவில்லை.

“எங்கட சிட்னியில பதினாலு மாடி கட்ட, கவர்மெண்டே பயந்து உயரத்துக்குச் சட்டம் போட்டது, தெரியுமே?”

“எப்ப? தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில! இருபத்திமூண்டு வருசம் பிந்தி!”

பிறகென்ன? சுவரின் தடிப்பு, அத்திவாரத்தின் ஆழம், கொடிக்கம்பத்தை உயரத்தோடு சேர்க்கலாமா கூடாதா என்று இரண்டு தகப்பன்மாரும் நடைபாதை நடுவில் நின்று கையை வீசி வாதாட, சனம் அவர்களைச் சுற்றி விலகி நடந்தது. “இப்பிடிப்பட்ட வீட்டில பொம்பிளை எடுக்கிறதே?” என்று பற்றிக் கத்திய பிறகுதான் நொயலுக்கு மகளின் ஞாபகம் வந்தது. ஐயோ, இதையும் கெடுத்துவிட்டேனே! மன்னிப்புக் கேட்கத் திரும்பினார். பின்னால் ஒருவரும் இல்லை. மணி இரண்டே முக்கால்.

இருவரும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, சாப்பாட்டுக் கடையில் மற்ற நால்வரும் ஐஸ்கிரீம் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாற ஜனவரியில கலியாணம். கோயிலுக்கும் ஃபோன் அடிச்சாச்சு,” என்றார் டொறத்தி. “பிள்ளையள் ரெண்டும் ஓமெண்டிட்டுதுகள்.”

“எங்களைக் கேக்காமலோ?” என்றார் நொயல்.

“நீங்கள் ரெண்டு பேரும் இருந்திருந்தா இது நடந்திருக்குமே?” என்றார் மோனிகா.

நொயலுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம்தான். சம்பந்தியின் கையைப் பிடித்தார். பற்றிக்கும் இறுகப் பிடித்து, “எண்டாலும் கொடிக்கம்பம் சேராது” என்று காதுக்குள் சொன்னார்.

ஆகவே வாசகரே, அடுத்த முறை விருந்தாளிகளுக்கு நகரம் காட்டும்போது, பேச்சின் நடுவே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பின்னால் ஒருவரும் இல்லையா? அப்படியென்றால் நீங்களும் இந்த இனம்தான். ஒரே ஒருவர் மட்டும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாரா? அவசரப்பட்டுச் சந்தோசப்படாதீர்கள். அவர் மறுத்துப் பேச மூச்சை இழுக்கிறார்.